தூர்த்த கிணற்றில் தோண்டிய குழி

கம்பைநல்லூர்,
செவ்வாய்க்கிழமை.

ஓசூரில் மண் பரிசோதனைக் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன் அருள்குமாருக்கு, ஆயா ராஜாமணி எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாயா என்று கடைசியில் கேட்கிறேன். மூன்று தடவை போன் போட்டேன், மூன்று தடவையும் கட் பண்ணினாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. படி.

நம் ஊர் பச்சியப்பன் விற்ற காட்டு நிலத்தில் பிளாட் போடுகிறார்கள் என்று போன மாதம் வந்தாய். வெயிலில் கடப்பாறையோடு நின்று, "எங்க தோண்டலாம் ஆயா?" என்றாய். பேரன் கை கொப்புளித்துவிடுமே என்று, "அந்த வேப்பமரத்துக்கு மேக்கால தோண்டுடா, மண்ணு பொலபொலன்னு இருக்கும்" என்று காட்டினேன். எதற்குக் குழி என்று நீ சொல்லவில்லை. எல்லைக்கல் நடத்தான் என்று நினைத்து, உனக்குச் சோறாக்க வீட்டுக்குப் போய்விட்டேன். நீ குழியில் தண்ணீர் ஊற்றி, அது இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்தது எனக்குத் தெரியாது.

முந்தாநாள் கொத்தனார் தீர்த்தகிரி வந்து பெருமையாகச் சொல்கிறான். "உங்க பேரன் டெஸ்ட் எடுத்ததுல தண்ணி கால் மணி நேரத்துல எறங்கிடுச்சாம்ங்க. நாப்பத்தாறு வூட்டு செப்டிக் டேங்க் தண்ணியும் உறிஞ்சுகுழியில வுடப் போறாங்க" என்றான்.

அடேய், அது கிணறுடா! வற்றிப்போன கிணறு. உன் அம்மா கல்யாணத்துக்கு முந்தின தை மாதம் பச்சியப்பன் அதைத் தூர்த்தான். உடைந்த ஓடு, சாம்பல், கரும்புச் சோகை என்று வண்டி வண்டியாகக் கொட்டினான். நான் துணி துவைக்கும் கல்லையும் கேட்காமல் தூக்கி உள்ளே போட்டான். அன்றிலிருந்து அவன் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அந்த இடத்தில் எத்தனை குடம் ஊற்றினாலும் நிற்குமா? நீ தோண்டும்போது அவனும் மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றானே, வாயைத் திறந்தானா?

என் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நீ படித்தது மண்ணை. கடப்பாறையில் ஓட்டுச்சில்லு தட்டியிருக்குமே, அப்போது இது இங்கே எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவ்வளவு பெரிய காட்டுக்கு ஒரே ஒரு குழியா?

நேற்று தீர்த்தகிரியை வைத்து அந்த இடத்திலிருந்து இருபது தப்படி தள்ளி ஒரு குழி போட்டேன். ஒரு முழத்துக்குக் களிமண், அதற்குக் கீழே பாறை. இரண்டு குடம் ஊற்றினேன். இன்று காலையில் போய்ப் பார்த்தால் அதில் காக்கை குளிக்கிறது.

அந்தக் காடு மேடு, நம் தெருக் கிணறு பள்ளம். ஒகேனக்கல் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் வருகிறது. மற்ற நாளெல்லாம் நம் தெரு மாதம்மாள் தன் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதுகூட அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். கீழே இறங்க முடியாத சாக்கடை பாறை மேல் வழிந்து வேறு எங்கே வரும்? நீ நீச்சல் பழகிய கிணறுடா அது.

"ரிப்போர்ட் போயிடுச்சு, மாத்துனா என் வேலை போயிடும், ஆயாவ சும்மா இருக்கச் சொல்லு" என்று, இதைச் சொல்லப் போன் போட்ட உன் அம்மாவிடம் சொன்னாயாம். சும்மா இருக்க மாட்டேன். இடம் காட்டினது நான்தான் என்று உன் மேனேஜர் முன்னால் வந்து நின்று சொல்கிறேன். ஓசூருக்கு பஸ் ஏற எனக்குத் தெரியும்.

ஆடி கழியட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆவணி முதல் வெள்ளி பூசை போட்டு வேலையை ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் வா. இந்தத் தடவை நான் இடம் காட்ட மாட்டேன். நாலு மூலையிலும் நீயே பார்த்துத் தோண்டு. கை கொப்புளிக்கட்டும். விளக்கெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.

நன்றாக இருக்கிறாயா? நன்றாக இரு சாமி.

கோபம் தீராத உன் ஆயா,
ராஜாமணி.