கழுவாத குழல்

ஜனவரி 6, திங்கள்

மக்காச்சோளம் பால் பிடித்துவிட்டது. பன்னிக்கு எப்படித்தான் வாசம் போகுமோ, இன்று அந்தியில் மூன்று தடவை சுட வேண்டியிருந்தது. துப்பாக்கியில் ஈயம் போடுவதில்லை, வெடிமருந்தும் துணியும் மட்டும்தான், சத்தத்துக்கு. லைசென்ஸ் வீட்டுக்காரர் பெயரில். சுடுவது அவர், மறுநாள் காலையில் கழுவுவது நான்.

கல்யாணமாகி வந்த வருசம், "பால் பானை கழுவுத மாதிரிதாம்ட்டி" என்று என்னிடம் கொடுத்தார். பத்தொன்பது வருசமாகிறது. குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, தீப்பொறிக்குக் கேப் மாட்டுகிற சின்ன முனையைத் திருகிக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் மையாகக் கறுத்து வடியும். அழுகின முட்டை நாற்றம். கம்பியில் துணி சுற்றி, துணி வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும். பிறகு வெயில், தேங்காய் எண்ணெய். எல்லாம் முடிந்து கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றில் அந்த நாற்றம்.

ஜனவரி 8

பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு சமைக்க எங்கள் மகளிர் குழுவிலிருந்து ஒரு ஆள் கேட்டிருக்கிறார்கள். ஐந்தரைக்குப் போக வேண்டும். தலைவி என் பெயரைச் சொன்னாள். எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

கேட்டேன். பக்கத்துக் காட்டுச் செல்வக்குமார் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இவர் சிரித்தார்.

"நீ போயிட்டா காலைல துப்பாக்கிய யாரு கழுவுவா?"

செல்வக்குமாரும் சிரித்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். முடியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தியில் நாலு வேட்டு.

ஜனவரி 10

கழுவவில்லை. வெளியே மட்டும் ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் பூசி மாட்டிவிட்டேன். மத்தியானம் "கழுவியாச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன்.

ஜனவரி 12

எழுத முடியவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்ல?

வெள்ளிக்கிழமை அந்தி. உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. சுட்டுவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். சுடாது, செல்வக்குமார் முன்னால் 'டிக்' என்று ஏமாற்றும், இவர் முகம் தொங்கும் — நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அவ்வளவேதான். அடுத்து ஒரு சத்தம் வந்தது. அது வேட்டு இல்லை.

செல்வக்குமார் இவரை லோடு ஆட்டோவில் தூக்கிப்போட்டார். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அப்படியே பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். மறு வேட்டுக்கு மருந்து ஊற்றும்போது குழலுக்குள் குப்பென்று பிடித்து, கையிலிருந்த மருந்துப் பாட்டில் வெடித்திருக்கிறது. வலது கையில் மூன்று விரல் இல்லை. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். வலது கண்ணைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோவில் என் மடியில் தலை. "துப்பாக்கிய மழைல போட்டுராதீங்க" என்றார். மழையே இல்லை.

ஜனவரி 14

பொங்கல். வார்டில் யாரோ கரும்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 18

வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம்.

ஜனவரி 23

ஸ்டேஷனிலிருந்து வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். துப்பாக்கி அவர்களிடம் இருக்கிறது.

"சுத்தமா வச்சிருந்தீரா வே?"

"எங்க வீட்டுக்காரி தெனமும் கழுவிருவா சார். கண்ணாடி மாதிரி இருக்கும்."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார், ஒற்றைக் கண்ணால். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு — நான் என்ன மனுசி?

பிப்ரவரி 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்தோம். காட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். கதிர் ஒன்றுகூட இல்லை, தட்டையெல்லாம் மிதிபட்டுக் கிடக்கிறது.

பள்ளிக்கூடத்து வேலைக்குக் குழுவிலிருந்து கோகிலா போகிறாளாம்.

பிப்ரவரி 5

துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற சிஹாபுதீன் பாயை ஸ்டேஷனுக்கு வரவழைத்துக் குழலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சி, உள்ள கரி அடை அடையா இருக்கு. ஒரு நாளு கரி இல்ல. அந்த அடைக்குள்ள கங்கு தங்கிரும். மேல மருந்து விழுந்தா பிடிக்கத்தான செய்யும்? கழுவலையோ?"

"கழுவுனதுதான பாய்" என்றார் இவர்.

பாய் போன பிறகு, கையில் சுற்றியிருந்த கட்டுத் துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எட்டி, அன்னைக்கு நான் ஒரு வேட்டுதான சுட்டேன்? இல்ல, நாலஞ்சு சுட்டேனா? எனக்கு ஞாபகம் தப்புதா?"

பிப்ரவரி 7

ஊரே அவரைப் பேசுகிறது. லைசென்ஸை ரத்து செய்ய எழுதிவிட்டார்களாம், கவனக்குறைவு என்று. டீக்கடையிலிருந்து வந்து, "நான்தான் கெடுத்துக்கிட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தலையில் அடித்துக்கொள்ள வலது கையைத் தூக்கி, வலியில் கீழே விட்டார்.

இனி முடியாது.

பிப்ரவரி 8, சனி

சொல்லிவிட்டேன். சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னேன். கழுவவில்லை, கழுவினேன் என்று பொய் சொன்னேன், சுடாமல் போகும் என்றுதான் நினைத்தேன், உங்களுக்கு இப்படி ஆகும் என்று —

"எதுக்கு?"

"நீங்க சிரிச்சீங்கள்லா. செல்வக்குமாரண்ணன் முன்னால."

"என்னைக்கு?"

அவருக்கு ஞாபகமே இல்லை. நான் இரவெல்லாம் மென்றுகொண்டு கிடந்தது அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை.

கத்துவார், அடிப்பார் என்று இருந்தேன். எழுந்து இடது கையால் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சிவகிரி பஸ் ஏறிவிட்டார், அவர் அக்கா வீட்டுக்கு. சோறு அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 9

வரவில்லை.

பிப்ரவரி 12

அவர் அக்கா, அன்னக்கிளி மதினி போன் செய்தார். "ஏ ஜெயசித்ரா, இவன் ஏன் வாயே தொறக்க மாட்டேங்கான்? சண்டையா?" என்றார். அப்படியானால் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மதினி இங்கே வந்து என் முடியைப் பிடித்திருப்பார். அது நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 17, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். முதல் தடவை. கழுவாதது நான்தான், அவரைக் குறை சொல்லாதீர்கள், என்மேல் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஏட்டையா பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, லைசென்ஸ் யாரு பேர்ல?"

"அவங்க பேர்ல."

"அப்ப கழுவ வேண்டியதும் அவர்தான். உங்க கையில கொடுத்ததே தப்பு. வீட்டுக்குப் போங்க."

என் குற்றத்தை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 24

ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று இன்னும் கை பழகவில்லை.

மார்ச் 1

ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் வந்து நிற்கிறார். மெலிந்துவிட்டார். தாடி. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்டேஷனுக்குப் போனியாமே."

"ஆமா."

"உன்னை யாரு போகச் சொன்னா?" குரல் ஏறி, உடனே இறங்கிவிட்டது. படியில் உட்கார்ந்தார். "அங்கன அக்கா வீட்டுல படுத்துக்கிட்டு யோசிச்சேன். வேட்டு போட்டவன் நான். நான்லா கழுவியிருக்கணும். பத்தொம்பது வருசத்துல ஒரு நாளும் தொட்டதில்ல."

நான் அழ ஆரம்பித்தேன்.

"அழாத. உன்மேல கோவம் போயிட்டுன்னு நெனைக்காத. போவல."

"சரி."

"போவுமான்னும் தெரியல."

"சரிங்க."

"பசிக்கி."

எனக்கு மட்டும் வடித்திருந்ததை அப்படியே அவருக்கு வைத்தேன்.

மார்ச் 13

என் பக்கம் பார்க்காமல்தான் பேசுகிறார். வெளியில் கட்டில் போட்டுப் படுக்கிறார்.

மார்ச் 20, வியாழன்

லைசென்ஸ் விசயமாக நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ரேகை வைக்கலாம் என்றார்களாம், மாட்டேன் என்றிருக்கிறார். "ஒரு நோட்டு இருந்தாக் குடு, எடது கைல எழுதிப் பாக்கணும்" என்றார். வீட்டில் வேறு நோட்டு இல்லை. இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

என் எழுத்து இருக்கிற பக்கங்களைப் பெருவிரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, வெறும் தாளுக்கு வந்தார். படிக்கவில்லை. படித்தாலும் அதில் அவருக்குத் தெரியாதது இல்லை. நோட்டு நழுவியது. பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். தள்ளிப் போகச் சொல்லவில்லை.

பொன்னுச்சாமி என்று ஏழு தடவை எழுதினார். முதல் நாலும் கோணல், ஏழாவது வாசிக்க முடிகிறது. அதற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் இதை எழுதியிருக்கிறேன்.