தப்பு இராமு மேல் இல்லை

சாக்கோட்டை,
மார்கழி 3.

அன்பு மகன் மெய்யநாதனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே ஆக்லாந்தில் நீயும் மருமகள் கிருத்திகாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கொப்புடையம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மூன்று வாரமாக உன்னிடம் ஒன்று சொல்ல வாயெடுப்பதும், மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுவதுமாக இருக்கிறேன். நேற்று உன் அம்மா, "நீங்களா சொல்றீகளா, இல்ல நான் சொல்லட்டுமா" என்று கேட்டுவிட்டாள். நம் லோடு வண்டி கவிழ்ந்தபோது இராமு செல்போன் பேசிக்கொண்டு வேகமாக ஓட்டினான் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அவன் பேசவும் இல்லை, வேகமாகப் போகவும் இல்லை. தப்பு என்னுடையது.

போன வருஷ மழையில் தோப்புப் பாதையில் வண்டி இரண்டு தடவை வயிறு தட்டிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது, பக்கத்துத் தோப்புக்காரர் டிராக்டர் வைத்து இழுத்தார். அதைப் பார்த்து நாலு பேர் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வருஷம் டயர் தேய்ந்து மாற்ற வேண்டி வந்ததும், கம்பெனி வீல் அப்படியே இருக்கட்டும், அதிலேயே பெரிய டயராகப் போட்டு வண்டியை உயர்த்திவிடலாம் என்று கிளம்பினேன். காரைக்குடியில் டயர்க் கடைக்காரர், "ரிம்முக்குப் பொருந்தும்ணே, ஆனா டயர் அகலமும் ஒசரமும் கூடுது, லோடு ஏத்தித் திருப்புனா உரசும்" என்று தெளிவாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. மதுரைக்குப் போய்த் தேடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன். காலி வண்டியில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன், எங்கேயும் படவில்லை, அதோடு எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு வந்துவிட்டது. தேங்காய் ஏற்றிய முதல் நாளே இராமு வந்து, "மாமா, வளைவுல உள்ளுக்க கரகரன்னு சத்தம் வருது, பழைய அளவையே மாட்டிருவோம்" என்றான். பயந்தாங்கொள்ளி என்று நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பினேன். அப்புறம் அவன் சொல்லவே இல்லை. பத்தாம் நாள் சிங்கம்புணரி மண்டிக்கு லோடு போகும்போது கண்மாய்க்கரைத் திருப்பத்தில் முன் டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் சாய்ந்தது, அவன் வலது கால் எலும்பு முறிந்தது.

மெக்கானிக் முத்தரசு சக்கரத்தைக் கழற்றி, டயரின் பக்கவாட்டில் தேய்ந்து அறுந்திருந்ததையும் மட்கார்டின் உள்விளிம்பு டயர் உரசிப் பளபளவென்று ஆகியிருந்ததையும் காட்டினான். என் முகத்தைப் பார்த்தான். யாரிடமும் சொல்லாதே என்று அவனைக் கேட்டுக்கொண்டேன். அன்றைக்குத்தான் நீ கூப்பிட்டாய், நான் அந்தப் பொய்யைச் சொன்னேன், மண்டியிலும் அதையே சொன்னேன். நீ சொல்லித்தானே அவனை வண்டிக்கு டிரைவராக வைத்தேன், அதனால் உனக்குக் கோபம் கூடிவிட்டது, "என் பிரெண்டுன்னு பாக்காதீக, நிறுத்திருங்க" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் இராமு வீட்டுக்குப் போனேன். காலில் தகடு வைத்துக் கட்டிலில் கிடக்கிறான். அவன் மனைவி சந்திரலேகா, "வாங்க மாமா" என்று நாற்காலி போட்டாள், அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. எதிரே உட்கார்ந்து, தப்பு என்னுடையதுதான்டா என்றேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், "மெய்யநாதன்கிட்டயும் நான் போன் பேசி ஓட்டுனதாத்தான் சொன்னீகளா மாமா?" ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கால் முறிந்ததற்கு அவன் அழவில்லையாம், அன்று அழுதான்.

மறுநாள் மண்டிக்குப் போய், நான் அவனைப் பற்றித் தப்பாகச் சொல்லிவைத்திருந்த எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். அங்கே ஒருவர், "அந்த டயரப் பாத்தப்பவே நெனச்சோம்ணே, ஒங்ககிட்ட யாரு சொல்றது" என்றார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான்தான் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். வண்டிக்குக் கம்பெனி அளவு டயரையே போட்டாயிற்று. அவன் நடக்கும்வரை அவன் வீட்டுச் செலவு என் பொறுப்பு, நடந்த பிறகு வண்டிக்கு வருவதும் வராததும் அவன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

நீ என்மேல் கோபப்படு, நியாயம்தான். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் என்னைக் கூப்பிடாதே, முதலில் அவனைக் கூப்பிடு. காலை பதினோரு மணிக்குச் சந்திரலேகா வேலைக்குப் போயிருப்பாள், வீட்டில் அவன் மட்டும்தான். உனக்கு அப்போது சாயங்காலம் ஆறரை. அவன் பேசாமல் இருந்தாலும் நீ போனை வைத்துவிடாதே.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். மருமகளுக்கு அம்மாவின் ஆசீர்வாதத்தைச் சொல். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் கூசும் அப்பா,
பாண்டியராஜன்