எங்கள் லயத்துக்கே விழுந்த பூட்டு

செப்டெம்பர் 9, செவ்வாய்
தலவாக்கலையில் முனாப் நானாவின் டியூஷன் சென்டரில் சேர்ந்து இன்றோடு மூன்று வாரம். பிள்ளைகள் வீட்டிலிருந்தே பரீட்சை எழுதும் தளத்தின் சர்வர் என் பொறுப்பு. மாதக் கடைசிவரை சோதனைக் காலம். ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரம், சொதப்பினால் கொழும்பில் சித்தி சொல்லிவைத்திருக்கும் துணிக்கடை. எனக்கு ஒரு சட்டையை மடிக்கவே வராது.

சர்வரின் பதிவைத் திறந்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்தோ யார் யாரோ கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயல்கிறார்கள். sudo apt install fail2ban என்று தட்டி அந்தக் காவல் நிரலை நிறுவினேன். ஐந்து முறை தவறாகப் போட்டால் அந்த இணைய முகவரியையே ஒரு வாரம் வெளியே நிறுத்தும்படி அமைத்தேன். முனாப் நானா எட்டிப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன், பெரிய ஆள் போல.

செப்டெம்பர் 10, புதன்
நூற்றுப் பன்னிரண்டு முகவரிகள் வெளியே. ஆகா!

செப்டெம்பர் 13, சனி
அவமானம். கணித மாதிரிப் பரீட்சை நடந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் தளமே திறக்கவில்லை.

பன்னிரண்டு வீடுகளும் பங்கு போட்டு எடுத்த ஒரே வைஃபை எங்களுடையது. சர்வருக்கு அத்தனை வீடும் ஒரே முகவரி. வேலாயி அக்காவின் மகள் சஸ்மிதா கடவுச்சொல்லை மறந்து ஐந்து முறை தட்டியிருக்கிறாள் — லயம் முழுவதற்கும் கதவு சாத்தியாயிற்று. அங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். எனக்குத் தோன்ற வேண்டாமா? புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

"என்ன நிலக்ஷி, நம்ம புள்ளைகளையே வெரட்டிட்டீங்களே" என்றார் முனாப் நானா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உடனே apt remove போட்டுக் கழற்றினேன். ஒன்பது பேருக்கும் அடுத்த சனி மறுபரீட்சை.

செப்டெம்பர் 15, திங்கள்
காலைப் பெரட்டில், வேலை பிரிக்கும் நேரத்தில், எல்லோர் முன்னாலும் வேலாயி அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டாராம். "ஒம் மக எங்க புள்ளைங்களுக்கே பூட்டுப் போட்டுட்டாளே!"

"போட்டவளுக்குத் தொறக்கத் தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "தெரியும்ல?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். தெரியுமா?

செப்டெம்பர் 17, புதன்
கழற்றியதிலிருந்து திருட்டு முயற்சிகள் இரண்டு மடங்கு. வேறு வழியில்லாமல் மறுபடி நிறுவினேன். வீட்டுக்கு வந்து போனில் பார்த்தால் — எங்கள் லயம் மறுபடி வெளியே! ஐயோ, என்னாலயே தொறக்க முடியலையே.

நிரலின் விளக்கத்தை வாசித்தபோதுதான் புரிந்தது. ரிமூவ் செய்தால் நிரல் மட்டும்தான் போகும். நான் வைத்த அமைப்பும் தடைப் பட்டியலும் அங்கேயே கிடக்கும்.

செப்டெம்பர் 18, வியாழன்
முனாப் நானாவிடம் மறைக்காமல் சொன்னேன். "தப்பு அந்த நிரல்ல இல்ல நானா. நான் நம்ம லயத்த நெனைக்காம வச்சதுலதான்."

"சனிக்கெழம சரியா வருமா?"

"வரும்."

"அப்ப செய்ங்க."

sudo apt purge fail2ban. அமைப்பு, பட்டியல், எல்லாம் துடைத்தாயிற்று. புதிதாக நிறுவி, இருபது தவறு வரை பொறுக்கவும் மீறினால் பத்து நிமிடம் மட்டும் தடுக்கவும் சொன்னேன். சாயங்காலம் லயத்துக்கு வந்து சஸ்மிதாவை வேண்டுமென்றே தப்பாகத் தட்டச் சொன்னேன். ஆறு முறை. ஏழாவது சரியாக. திறந்தது! வேலாயி அக்கா நம்பவில்லை. "இன்னொருக்கா செய்யச் சொல்லு" என்றார்.

செப்டெம்பர் 20, சனி
ஒன்பது பேரும் எழுதினார்கள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

ஒக்டோபர் 1, புதன்
நேற்று முனாப் நானா நிரந்தரக் கடிதத்தைக் கையில் தந்து, ஹட்டன் கிளையின் சர்வரையும் என்னிடம் விட்டார். இன்று அங்கே போனேன். பொறுப்பாளர் றிஷாத் கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"இங்க படிக்கிற புள்ளைங்க எந்தெந்தத் தோட்டம்? எத்தன வீட்டுக்கு ஒரு வைஃபை?"

அவர் சிரித்தார். "சர்வரப் பாக்க வந்திருக்கீங்கன்னுதானே சொன்னாங்க?"

"அதத்தான் பாக்குறேன்" என்றேன்.