விளக்கு அணைந்த பிறகும்

அக்டோபர் 9, நெப்ராஸ்கா

இன்றும் அம்மா டிவி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் ரெக்கார்டர் பெட்டியின் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு கேரவனை எடுத்தாள். பச்சை விளக்கு அணைந்தது. நான் பெட்டியின் மேல் கை வைத்தேன். உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டுதான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினால்தான் நிற்கும். சுழலும்போது பலமாக ஒரு குலுக்கல் வந்தால் போதும், உள்ளே பதிந்ததெல்லாம் போய்விடும்.

அம்மாவிடம் சொன்னேன். "லைட்டு அணைஞ்சிருச்சில்ல? போதும்டீ. நீ வேணா வண்டிய ஓட்டு, நான் பிளக்கப் புடுங்கறேன்" என்றாள்.

அந்தப் பெட்டிக்குள்தான் அப்பாவின் குரல் இருக்கிறது. எங்கள் ஊர் டிவியில் வானிலை சொன்னவர் அவர். மார்ச்சில் பக்கவாதம் வந்து பேச்சு போனது. தினமும் சாயங்காலம் தன் பழைய ஒளிபரப்பைப் போட்டுக் கூடவே வாயசைக்கிறார். பேச்சுப் பயிற்சி தரும் டாக்டர் சொன்ன வழி. அந்த டிவி நிலையத்தை மூடிவிட்டார்கள். பெட்டியிலிருந்து வேறெதிலும் நகலெடுக்கவும் முடியாது.

அக்டோபர் 10

பெட்டிக்கு அடியில் என் தலையணையை வைத்தேன். சூடாகிவிட்டது. எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 11, கொலராடோ

கிளம்பும்போது பக்கத்துக் கேரவன் வெர்னா அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்: "லோரேன், ஆன்டெனாவ இறக்கினியா? எம்புருஷன் மறந்துட்டு, ஒரு பெட்ரோல் பங்க் கூரையையே பேத்துட்டு வந்தான்!" அம்மா சிரித்தாள். அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கினேன்.

சாயங்காலம் மாட்டினால் பெட்டி செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருந்தது; பிளக்கைப் பிடுங்கி மாட்டினால், அது கிடைக்கும்வரை பழைய பதிவைக்கூடக் காட்டாது. அப்பா திரைமுன் காத்திருந்தார். அப்புறம் தொடையில் அடித்துக்கொண்டார், திரும்பத் திரும்ப.

"இனிமே அதுல கை வச்ச, பாத்துக்க" என்றாள் அம்மா.

இனி வைக்கமாட்டேன். பயமாக இருக்கிறது. வைத்தாலும் பயம், வைக்காவிட்டாலும்.

அக்டோபர் 13, நியூ மெக்சிகோ

மண்பாதை. அலமாரிக் கதவுகள் அடித்துக்கொண்டன. நான் பெட்டியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் பெட்டிக்குள் டிக் டிக் என்றது. திரையில் அப்பா "மேற்கிலிருந்து காற்று" என்று கையை நீட்டிய இடத்தில் படம் உறைந்தது. மறுபடி போட்டதும் ஓடியது. நான் போனை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தேன். ஒரே ஒரு நாள் வானிலை, முழுசாக வந்தது. ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து "மே… மே… கா" என்று முனகிக்கொண்டிருந்தார். எல்லாம் பதிவாகிவிட்டது. சும்மா இருங்கப்பா என்று எப்படிச் சொல்வேன்?

அக்டோபர் 14

போய்விட்டது. கறுப்புத் திரை. அம்மா தரையில் உட்கார்ந்து, "லைட்டு அணைஞ்சுதானே இருந்துச்சு? நான் பாத்தேனே?" என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேனே — சொன்னேன்தானே? இப்போது சொல்லவில்லை. கேரவன் மேல்தட்டுப் படுக்கையில் போர்வைக்குள் எழுதுகிறேன். கீழே அவள் இன்னும் தூங்கவில்லை.

அக்டோபர் 17, டூசான்

சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். திரையில் பழைய அப்பா சரளமாகச் சொல்லிக்கொண்டு போக, பின்னாலேயே இப்போதைய அப்பா தடுக்கித் தடுக்கி வந்தார். தன்னுடைய இந்தக் குரலை அவர் இதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை. முகம் சுருங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். விரலை உயர்த்தினார்: இன்னொரு தடவை.

அப்புறமும் இன்னொரு தடவை. போனில் "மே… மே…" என்று திணறும் குரலுக்கு, பொறுமையில்லாமல், எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னார்:

"மேற்கு."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினாள்.

"காத்து" என்றார் அப்பா, அந்தக் குரலிடம்.