மூணு வெட்டு வெட்டிய தோல்துண்டு

செத்தும் என்னை விட்டுப் போகாத தாவீதண்ணே,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் எஸ்தர் எழுதுகிறாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை உன் நினைவு ஜெபத்தில் இதை எல்லார் முன்னாடியும் படிக்கப்போகிறாள். "மெதுவா சொல்லு சித்தப்பா, கை வலிக்குது" என்கிறாள். டீச்சர் ஆகியும் உன் பொறுமை இவளுக்கு வரவில்லை.

தோல் பதனிடும் ஆம்பூர் டேனரியில் நீ கணக்கு எழுதும் ரைட்டர், நான் முடி உதிரத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி ஆள். எந்தத் தோல் யார் கைப்பட்டது என்று தெரிய, வால் ஓரத்தில் அவரவர் குறியைக் கத்தியால் வெட்டிவைப்போம். என் குறி மூணு வெட்டு. குறியைப் பார்த்துத்தான் நீ தோலை உள்ளே எடுக்கவேண்டும்.

மாதனூரில் மச்சானுக்குக் கல்யாணம். போனவன் ரெண்டு நாள் ஜாஸ்தி தங்கிவிட்டேன். திரும்பி வந்தால், நேரத்துக்கு வெளியே எடுக்காத தோலெல்லாம் சுண்ணாம்பு தின்று நைந்து கிடக்கிறது. வேலை போனால் நாலு பிள்ளைகளோடு எங்கே போவேன்? பயத்தில் ஒவ்வொரு தோலிலும் என் குறி இருந்த ஓரத்தை அறுத்துக் குப்பையில் போட்டேன். குறியில்லாத தோலை உள்ளே விட்டதாகப் பழி ரைட்டர் மேலே விழும். தெரிந்துதான் செய்தேன், அண்ணே.

அப்படியே விழுந்தது. இங்கிலீஷில் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடு, இல்லாவிட்டால் கிளம்பு என்று உன்னிடம் சொன்னார் டேனரியை நடத்திய வெள்ளைக்கார துரை. நீ எழுதிக்கொடுத்தாய். மத்தியானம் ஆவாரம்பட்டைக் குவியல் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தோம்.

"இன்னாண்ணே எழுதுன?"

"முக்கியமா ஒரே வார்த்தைடா. அதுக்கே துரை மூஞ்சி குளுந்துபோச்சு. நீ இன்னாடா கம்மியா துன்ற? இந்தா."

உன் சோற்றில் பாதி என் பக்கம் வந்தது. எப்படி விழுங்கினேனோ! அப்புறம் 'தோல் கெடுத்த ரைட்டர்' என்று ஊரே உன்னைச் சொன்னது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். சொல்லவில்லை. உன்னைப் புதைத்த அன்றைக்கும் சொல்லவில்லை.

போன வாரம் எஸ்தர் உன் டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணினாள். "இது இன்னா சித்தப்பா?" என்று ஒரு துண்டை நீட்டினாள். காய்ந்து விறைத்த தோல். ஓரத்தில் மூணு வெட்டு. என் குறி. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் மசியில் ஏதோ எழுத்து.

"அபாலஜைஸ்" என்று படித்தாள். செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பது என்று அர்த்தமாம். முதலில் எழுதியதில் ஒரு எழுத்தை அடித்துவிட்டு, கீழே திரும்ப எழுதியிருக்கிறாய். "அப்பா படிச்சது அமெரிக்காக்காரங்க பள்ளிக்கூடம், அங்க இசட் போடுவாங்க. டேனரி துரை இங்கிலாந்துக்காரராச்சே, எஸ் போடணும்னு அப்பா இதுல எழுதிப் பழகியிருக்காரு" என்றாள்.

அடப்பாவி அண்ணே! அடுத்தவன் பழியைத் தலையில் வாங்கும்போதும் எழுத்துப் பிசகக்கூடாதா உனக்கு? குப்பையிலிருந்து அதை எப்போது எடுத்தாய்? எல்லாம் தெரிந்துதான் அன்றைக்குச் சோறு போட்டாயா? இத்தனை வருஷம் என் வீட்டில் வந்து சிரித்துப் பேசினாயே, ஒரு தடவை "டேய் திருடா" என்று திட்டியிருக்கக்கூடாதா?

எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்பாவே உன்ன கேக்கல, நான் இன்னா கேக்கப்போறேன்? ஆனா ஊருக்குத் தெரியணும் சித்தப்பா" என்றாள். நியாயம்தானே? நான் செய்தது உனக்குத் தெரியாது, உன்னை ஏமாற்றி உன்னோடு வாழ்ந்தேன் என்றுதான் இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தேதான் என்னை வைத்துக்கொண்டிருந்தாய். அந்த நிம்மதியில் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இவள் படித்து முடிக்கிறவரைக்கும் உட்காரமாட்டேன். தோலைக் கெடுத்தவன் நான்தான் என்று என் வாயாலேயும் சொல்வேன். நான் இருக்கிறவரை இனி எவனும் உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட விடமாட்டேன். இது சத்தியம். அந்த இங்கிலீஷ் வார்த்தை என் வாயில் நுழையவில்லை.

மன்னிச்சுடுண்ணே.

கைநாட்டு வைப்பவன்,
உன் கூடப்பிறக்காத தம்பி, எஸ்தருக்குச் சித்தப்பா,
முனுசாமி