ரோஜாத் தகரத்தில் மீன் தண்ணீர்

9 பிப்ரவரி 1979, வெள்ளி

மணிக்குட்டி, உன் ரோஜாச் செடியின் இலையெல்லாம் தொங்கிப் போய்விட்டது. மண் என்னவோ ஈரமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மேரிச் சேச்சி எட்டிப் பார்த்து, "பிள்ளை போன சங்கடம் செடிக்கும் உண்டு மோளே" என்று கண்ணைத் துடைத்தாள். நீ கண்ணை மூடிய நாளிலிருந்து மத்தி மீன் கழுவிய தண்ணீரை அதில் கொண்டுவந்து ஊற்றுகிறவளே அவள்தான். "நல்ல வளமாக்கும்" என்பாள். போதாததற்கு உன் அம்மா நானும் காலையும் மாலையும் ஊற்றினேன்.

இன்றைக்குச் செடி வைத்த தகர டின்னைக் கவிழ்த்தேன். ஒரே நாற்றம். புழு நெளிந்தது. அடியில் நீ ஆணியால் போட்ட ஓட்டைகளை மீன் செதிள் அடைத்திருந்தது. சங்கடமாம், சங்கடம்! நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேரை அழுகவிட்டிருக்கிறோம். த்தூ.

கறுத்த வேரையெல்லாம் வெட்டினேன். ஓட்டைகளைக் குத்தித் திறந்து, புதுமண்ணும் மணலும் போட்டு நட்டு, நிழலில் வைத்தேன். சாயங்காலம் சேச்சி மறுபடியும் சட்டியோடு வந்தாள்.

"ஒரு சொட்டு ஊத்தினா சட்டியை உடைச்சிடுவேன் சேச்சி."

"கொள்ளாம், நல்லா இருக்கு! ஒரு செடிக்காக என்கிட்ட சண்டையா?"

எத்தனை முறை சோப்புப் போட்டும் கை நாறுகிறது. வெள்ளையாக மூன்று வேர்தான் மிச்சம். இதற்கு நீ எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவாய், மணிக்குட்டி?