இடது பக்கம் கேட்குதுன்னு சொன்னியே, மச்சான்

என் பிரியத்துக்குரிய இளங்கோ மச்சானுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது, இன்னும் தணியவில்லை. நம் வலைப்பூவை வாசித்தவர்களும் படிக்கட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன். ஏமாந்தது நான் மட்டும் இல்லையே.

அண்ணாமலை நகர் விடுதி அறையில், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு தொடங்கிய சண்டை நம்முடையது. எனக்கு பேஸ், அந்தக் கனத்த அடியொலி, வேண்டும்; நெஞ்சில் இடிக்க வேண்டும். நீ முகம் சுளிப்பாய். "இது பேஸ் இல்ல மச்சான், இரைச்சல். பாடுறவரு போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு பாரு."

வேலைக்குப் போனோம். என் தங்கை வனிதாவை நீ கட்டிக்கொண்டாய். சண்டை மட்டும் ஓயவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் சொல்லி, விலை கூடிய இயர்போன்களாக வரவழைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு, என் வீட்டுக்கு வருவாய். ஒரே பாட்டு, ஒரே சத்த அளவு, இரண்டு இயர்போன். ஒருவர் கருத்தை மற்றவர் பார்க்காமல் எழுதி வலைப்பூவில் அருகருகே போடுவோம். நான் புகழ்ந்த பேஸை நீ கிழித்துத் தொங்கவிடுவாய். அதற்காகவே ஆட்கள் படித்தார்கள்.

கடைசி ஒரு வருஷம் நீ மாறினாய். "நீ மொதல்ல சொல்லு மச்சான்" என்பாய். நான் சொன்னதையே வேறு வார்த்தைகளில் எழுதுவாய். "ரெண்டு பேருக்கும் ஒரே காதா சார்?" என்று ஒரு வாசகர் பின்னூட்டம் போட்டார். ஒருவழியாக என் ரசனைக்கு வந்துவிட்டாய் என்று நான் பெருமைப்பட்டேன். இடப்பக்க ரப்பர் முனை காதில் சரியாக உட்காரவில்லை, அதான் பேஸ் கசியுது என்றாய். அதையும் நம்பி, அலைந்து திரிந்து வேறு அளவில் வாங்கித் தந்தேன்.

ஒரு கோயில் கச்சேரிப் பதிவு. நாகஸ்வரம் வலது காதில், தவில் முழுக்க இடது காதில். "தவிலோட தொப்பி, அந்தக் கனமான பக்கம், எறங்குதா?" என்று கேட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "யப்பா, என்னமா எறங்குது மச்சான்!" என்றாய். ஏன்டா அப்படிச் சொன்னாய்?

பைக்கில் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, ஆலப்பாக்கம் தாண்டி, இடப்புறக் கிளைச் சாலையிலிருந்து ஹாரன் அடித்தபடி வந்த லாரியை நீ கவனிக்கவில்லை. பிணவறை வாசலில் யாரோ, "காதுல ஒயர மாட்டிக்கினு ஓட்டியிருப்பான்" என்றார். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "அவன் இயர்போன் போன வாரத்துலேர்ந்து என் வீட்ல கெடக்குதுய்யா! அவன் காது மாதிரி காது இந்த ஜில்லாவுலயே கெடையாது!"

வனிதாதான் என்னை ஓரமாக இழுத்துப் போனாள்.

"விடுண்ணா. அவருக்கு எடது காது கேக்காது. ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. நரம்பே போயிடிச்சின்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒனக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. தெரிஞ்சா இனிமே வராதன்னுடுவான், வேற ஆளத் தேடிக்குவான்னாரு."

நான் அப்படிச் செய்வேனா மச்சான்? இரண்டு பக்கத்து ஒலியையும் சேர்த்து ஒரே காதுக்குக் கொடுக்க வழி இருந்ததே. ஒற்றைக் காதில் எப்படிக் கேட்கிறது என்று நீ எழுதியிருந்தால், அதைப் படிக்க ஆள் இல்லாமலா போயிருக்கும்? உன்னை பைக்கில் வர விட்டிருப்பேனா? காது போனதை மறைத்தாய், சரி. என்னை இவ்வளவுதான் என்று எடை போட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள்மேலும் கோபம். காரியம் முடிந்தபின் சிதம்பரம் பக்கமே நான் போகவில்லை. போன வாரம் அவளே போன் செய்தாள். "அவரு வண்டிய எடுக்கறப்பல்லாம், திரும்பி வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு ஒக்காந்திருந்தவ நாந்தாண்ணா. யார்கிட்ட சொல்லுவேன்?" என்னிடம் நீ பொய் சொன்னாய். அவளிடம் அந்தப் பயத்தைக் கொடுத்து, வாயையும் கட்டிவிட்டாயே.

நம் வலைப்பூவில் கடைசி வருஷத்துப் பதிவுகளை நான் அழிக்கவில்லை. உன் பகுதிகளின் மேல், "இவை இளங்கோ தன் காதால் கேட்டு எழுதியவை அல்ல" என்று மட்டும் சேர்த்திருக்கிறேன். உனக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கே சிதம்பரம் போகிறேன். அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேருமாக உட்கார்ந்து உன்னை வாய் வலிக்கத் திட்டப்போகிறோம். இனி எந்தப் பயத்தையும் அவள் தனியாக வைத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

கோபம் ஆறாத,
வனிதாவின் அண்ணன், உன் மச்சான்,
அன்பழகன்
கடலூர்